விசை சுழியாகும் இடம்: புள்ளி மின்னூட்டங்களின் சமநிலை

நிலைமின்னியலைக் கற்கத் தொடங்கும் ஒருவர் கூலூம் விதியை அடுத்து உடனே எதிர்கொள்ளும் கணக்கு பெரும்பாலும் ஒரே வகையானது. இரண்டு மின்னூட்டங்கள் குறிப்பிட்ட தொலைவில் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கின்றன. மூன்றாவது ஒன்றை எங்கே வைத்தால் அதன்மீது செயல்படும் மொத்த விசை சுழியாகும்? சமன்பாட்டை எழுதி, இருபடிக் கோவையைத் தீர்த்து, கிடைக்கும் இரண்டு விடைகளில் ஒன்றைப் பொருந்தாதது என்று அடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவது வழக்கம். அப்படி அடித்துவிடப்படும் விடைக்கும் ஒரு பொருள் உண்டு என்பதையும், விசைகளின் திசையை முதலில் பார்த்துவிட்டால் இயற்கணிதத்தில் பெரும்பகுதி தேவையற்றுப் போகிறது என்பதையும் எடுத்துக்காட்டுகளின் வழியே காண்போம்.

இரண்டு புள்ளி மின்னூட்டங்களுக்கிடையே உள்ள விசை அவற்றின் அளவுகளின் பெருக்கற்பலனுக்கு நேர்விகிதத்திலும், அவற்றுக்கிடையேயான தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். அது அவ்விரண்டையும் இணைக்கும் நேர்கோட்டின் வழியாகவே செயல்படும். ஒரே குறியுடையவை ஒன்றையொன்று விலக்கும், வேறு குறியுடையவை கவரும். இதுவே கூலூம் விதி. வெற்றிடத்தில் இதன் மாறிலி ஏறத்தாழ 9 × 10⁹ நியூட்டன் மீட்டர்² கூலூம்⁻² ஆகும். அதாவது 1 கூலூம் அளவுள்ள இரு மின்னூட்டங்களை 1 மீட்டர் இடைவெளியில் வைக்க முடிந்தால், அவை 900 கோடி நியூட்டன் விசையுடன் ஒன்றையொன்று தள்ளும். ஆகவேதான் கணக்குகளில் மைக்ரோகூலூம், அதாவது ஒரு கூலூமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு, என்ற சிறிய அலகு அடிக்கடி வருகிறது.

இந்த விதியே ஒரு சமநிலையை அளந்ததன் மூலம் நிறுவப்பட்டது என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. பிரான்சைச் சேர்ந்த சார்ல் அகுஸ்தன் தெ கூலூம் 1785-இல் தமது முறுக்குத் தராசை விவரித்தார். மெல்லிய இழையில் தொங்கும் குறுக்குத் தண்டின் முனையில் ஒரு சிறு பந்தும், அதன் அருகே நிலையாகப் பொருத்தப்பட்ட இன்னொரு பந்தும் இருந்தன. இரண்டுக்கும் ஒரேவித மின்னூட்டம் அளித்ததும் அவை விலகின. விலகும்போது இழை முறுக்கிக்கொண்டது. விலக்கு விசையை முறுக்கு ஈடுகட்டிய இடத்தில் தண்டு நின்றது. முதலில் பந்துகள் 36 பாகை இடைவெளியில் நின்றன. அப்போது இழையின் முறுக்கும் 36 பாகை. இடைவெளியை 18 பாகையாகக் குறைக்க, இழையின் மேல்முனையை 126 பாகை திருப்ப வேண்டியிருந்தது. ஆக மொத்த முறுக்கு 144 பாகை. இடைவெளி பாதியானபோது விசை நான்கு மடங்கானது. அடுத்து 567 பாகை திருப்பியபோது இடைவெளி எட்டரை பாகையானது. மொத்த முறுக்கு 575.5. இடைவெளி கால்பங்காகிய 9 பாகையாக இருந்திருந்தால் முறுக்கு 36-இன் பதினாறு மடங்காகிய 576 பாகையாக இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. கைத்திறனை நம்பிச் செய்த சோதனைக்கு இந்த நெருக்கம் வியப்பளிப்பதே.

இனி நமது கணக்குக்கு வருவோம். ஒரு மின்னூட்டத்தின்மீது பல மின்னூட்டங்கள் ஒரே நேரத்தில் செயல்படும்போது, ஒவ்வொன்றும் தனித்து இருந்தால் என்ன விசையைத் தருமோ அதையே தருகிறது. மற்றவை இருப்பதால் அது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. இதனை மேற்பொருந்துதல் தத்துவம் என்பர். எனவே விசைகளைத் தனித்தனியே கணக்கிட்டு, திசையையும் கருத்தில்கொண்டு வெக்டர்களாகக் கூட்டினால் தொகுபயன் விசை கிடைக்கும். அது சுழியானால் மின்னூட்டம் சமநிலையில் உள்ளது. இரண்டே விசைகள் ஒன்றையொன்று நீக்க வேண்டுமானால் அவை அளவில் சமமாகவும் திசையில் நேரெதிராகவும் இருந்தாக வேண்டும். இவற்றில் இரண்டாவது நிபந்தனையைத்தான் தொடக்கநிலை மாணவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

அ என்ற புள்ளியில் +4 மைக்ரோகூலூமும், அதற்கு வலப்புறம் 50 செ.மீ. தொலைவில் ஆ என்ற புள்ளியில் +9 மைக்ரோகூலூமும் பொருத்தப்பட்டிருப்பதாகக் கொள்வோம். +1 மைக்ரோகூலூம் அளவுள்ள சோதனை மின்னூட்டத்தை எங்கே வைப்பது? எண்களைத் தொடுமுன் இடத்தைத் தேடுவோம். அ, ஆ இரண்டையும் இணைக்கும் கோட்டுக்கு வெளியே, மேலேயோ கீழேயோ வைத்தால், இரு விசைகளும் வெவ்வேறு கோடுகளின் வழியே செயல்படும். அளவில் எவ்வளவு பொருந்தினாலும் அவை ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள இயலாது. ஆகவே தேடல் அந்தக் கோட்டுக்குள் அடங்கிவிடுகிறது. அக்கோட்டில் அ-வுக்கு இடப்புறம் வைத்தால் இரண்டும் இடப்பக்கமாகவே தள்ளும்; ஆ-வுக்கு வலப்புறம் வைத்தால் இரண்டும் வலப்பக்கமாகத் தள்ளும். நடுவில் மட்டுமே ஒன்று வலப்பக்கமும் மற்றது இடப்பக்கமும் தள்ளுகின்றன. எனவே விடை நடுவில் உள்ளது. அதுவும் பெரிய மின்னூட்டத்திலிருந்து விலகி, சிறியதற்கு அருகில் இருக்க வேண்டும்.

இப்போது அளவு. விசை தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், இரு விசைகளும் சமமாகும் இடத்தில் தொலைவுகளின் விகிதம் மின்னூட்டங்களின் வர்க்கமூலங்களின் விகிதத்துக்குச் சமமாக இருக்கும். 4-இன் வர்க்கமூலம் 2. 9-இன் வர்க்கமூலம் 3. ஆக, 50 செ.மீ. தொலைவை 2 : 3 என்று பிரித்தால் போதும்: அ-விலிருந்து 20 செ.மீ., ஆ-விலிருந்து 30 செ.மீ. சரிபார்த்துக்கொள்வது நல்லது. 4 மைக்ரோகூலூம் 0.2 மீட்டர் தொலைவில் தரும் விசை 0.9 நியூட்டன், 9 மைக்ரோகூலூம் 0.3 மீட்டரில் தருவதும் 0.9 நியூட்டன். இருபடிச் சமன்பாடு எதையும் தீர்க்காமலேயே விடை கிடைத்துவிட்டது.

இந்தக் கணக்கில் சோதனை மின்னூட்டத்தின் அளவு எங்கும் தேவைப்படவில்லை. அது இரு விசைகளிலும் பொதுக் காரணியாக இருப்பதால் நீங்கிவிடுகிறது. அதை எதிர்மின்னூட்டமாக மாற்றினாலும் இரு விசைகளின் திசைகளும் ஒருசேரத் திரும்புமே தவிர, சமநிலைப் புள்ளி நகராது. அமைப்பு முழுவதையும் எண்ணெய் போன்ற ஒரு மின்காப்புத் திரவத்தில் மூழ்கவைத்தாலும் அப்படியே: எல்லா விசைகளும் ஒரே காரணியால் குறைகின்றன, புள்ளி இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே விசை சுழியாகும் இடம் என்பது பொருத்தப்பட்ட இரு மின்னூட்டங்களின் பண்பு. அங்கே மின்புலம், அதாவது ஓரலகு மின்னூட்டத்தின்மீது செயல்படும் விசை, சுழி என்று சொல்வதும் இதையேதான்.

அடுத்து, அ-வில் உள்ள மின்னூட்டத்தின் குறியை மட்டும் மாற்றி −4 மைக்ரோகூலூம் ஆக்குவோம். ஆ-வில் +9 அப்படியே இருக்கட்டும். இப்போது நேர்மின்னூட்டம் ஒன்றை நடுவில் வைத்தால், அ அதை இடப்பக்கமாகக் கவரும். ஆ-வும் அதை இடப்பக்கமாகவே தள்ளும். நடுவில் சமநிலைக்கு வாய்ப்பே இல்லை. வெளிப்புறங்களில் திசைகள் எதிரெதிராக உள்ளன. ஆனால் ஆ-வுக்கு வலப்புறம் எங்கே வைத்தாலும், அளவில் பெரியதாகிய ஆ அருகிலும் சிறியதாகிய அ தொலைவிலும் இருப்பதால், ஆ-வின் விசையே எப்போதும் மிகுந்திருக்கும். எஞ்சியிருப்பது அ-வுக்கு இடப்புறம். சிறியதன் அருகாமையும் பெரியதன் தொலைவும் அங்கேதான் ஒன்றையொன்று ஈடுகட்ட முடியும். அ-விலிருந்து உள்ள தொலைவை ‘த’ என்றால், ஆ-விலிருந்து உள்ளது த + 50. இவற்றின் விகிதம் 2 : 3 என்பதால் த = 100 செ.மீ. இங்கே ஒவ்வொரு விசையும் 0.036 நியூட்டன்தான். முந்தைய அமைப்பில் 0.9 நியூட்டன் அளவுள்ள இரு விசைகள் மோதிக்கொண்டன. இதில் அவற்றின் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவுள்ள விசைகள்தாம் மோதுகின்றன.

இனி, அடித்துவிடப்படும் விடையின் கதை. முதல் அமைப்பை நேரடியாகச் சமன்பாடாக எழுதினால் 4 ÷ த² = 9 ÷ (50 − த)² என்று வரும். இதைத் தீர்த்தால் த = 20 என்றும் த = −100 என்றும் இரண்டு மூலங்கள் கிடைக்கும். −100 என்பது அ-வுக்கு இடப்புறம் 100 செ.மீ. தொலைவில் உள்ள புள்ளி. இரண்டாவது அமைப்பில் நாம் கண்ட விடையே அது! இரண்டாவது அமைப்புக்குச் சமன்பாடு எழுதினாலும் இதே இரு புள்ளிகள்தாம் வரும். காரணம் எளியது. தொலைவை இருமடியாக்கும்போது திசை பற்றிய செய்தி தொலைந்துபோகிறது, எஞ்சும் சமன்பாடு "எங்கே இரு விசைகளும் அளவில் சமம்?" என்ற கேள்விக்கு மட்டுமே விடை சொல்கிறது. இந்தக் கோட்டில் அப்படி இரு புள்ளிகள் உள்ளன. குறிகள் ஒன்றாக இருந்தால் உள்ளே இருப்பதில் விசைகள் நீங்குகின்றன, வெளியே இருப்பதில் கூடுகின்றன. குறிகள் வேறானால் இது தலைகீழாகிறது. முதல் அமைப்பில் 20 செ.மீ. புள்ளியில் சுழியாக இருந்த விசை, இரண்டாவது அமைப்பில் அதே புள்ளியில் 1.8 நியூட்டனாகிறது. மூலங்களில் ஒன்று எதிர்க்குறியுடன் வந்தது என்பதற்காக அதை ஒதுக்குவது தவறான பழக்கம்; திசையைப் பார்த்தே ஒதுக்க வேண்டும். இதே காரணத்தால், விசையின் அளவைக் கணக்கிடும்போது மின்னூட்டங்களின் கழித்தல் குறியைச் சூத்திரத்தில் இடாமல், படத்தில் அம்புக்குறிகளாக வரைந்துகொள்வதையே நான் பரிந்துரைப்பேன்.

அளவில் சமமாகவும் குறியில் எதிராகவும் உள்ள இரண்டு மின்னூட்டங்களுக்கு இத்தகைய புள்ளி எங்கும் கிடையாது. நடுவில் விசைகள் ஒரே திசையில் உள்ளன. வெளியே அருகில் இருப்பதே எப்போதும் வெல்கிறது. விகிதம் 1 : 1 ஆகும்போது த = த + 50 என்று வருவது இயற்கணிதம் தன் மொழியில் அதையே சொல்வதாகும்.

இதுவரை அ-வும் ஆ-வும் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றையும் விடுவித்துவிட்டால்? +4, +9 இரண்டும் ஒன்றையொன்று 1.296 நியூட்டன் விசையுடன் விலக்கிக்கொண்டிருக்கின்றன. மூன்றாவது மின்னூட்டம் ஒன்றை இட்டு மூன்றையுமே சமநிலையில் நிறுத்த இயலுமா என்பது அடுத்த நிலைக் கேள்வி. இங்கே மூன்றாவதன் இடம் மட்டுமல்லாமல் அதன் அளவும் குறியும் தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றன. அதன் சொந்தச் சமநிலைக்காக அது 20 செ.மீ. புள்ளியில் இருந்தாக வேண்டும். அ-வை ஆ இடப்பக்கமாகத் தள்ளுவதால், நடுவில் இருப்பது அ-வை வலப்பக்கமாக இழுக்க வேண்டும்; எனவே அது எதிர்மின்னூட்டம். அளவைக் காண, அ-வின்மீதான இரு விசைகளையும் சமப்படுத்துவோம்: 9-ஐ 50-இன் இருமடியால் வகுத்ததும், தேடும் மின்னூட்டத்தை 20-இன் இருமடியால் வகுத்ததும் சமமாக இருக்க வேண்டும். விடை 9 × 400 ÷ 2500 = 1.44 மைக்ரோகூலூம். ஆ-வின் பக்கமிருந்து கணக்கிட்டாலும் 4 × 900 ÷ 2500, அதே 1.44. இரு பக்கமும் ஒரே எண் வருவது தற்செயல் அன்று. மூன்றுக்குமிடையே உள்ள அக விசைகளின் கூடுதல் நியூட்டனின் மூன்றாம் விதிப்படி எப்போதும் சுழி. ஆகவே இரண்டு மின்னூட்டங்கள் சமநிலையில் இருந்தால் மூன்றாவதும் தானாகவே சமநிலையில் இருந்தாக வேண்டும்.

இந்த அமைப்பில் இன்னொரு அழகும் உண்டு. மூன்று இணைகளின் நிலை ஆற்றல்களையும் (மின்னூட்டங்களின் பெருக்கற்பலனைத் தொலைவால் வகுத்தது) பொது மாறிலியை விட்டுவிட்டுக் கூட்டிப் பார்த்தால், 36 ÷ 50 = 0.72, 4 × 1.44 ÷ 20 = 0.288; 9 × 1.44 ÷ 30 = 0.432. முதலாவது விலக்கத்துக்குரியதால் நேர்க்குறி, மற்ற இரண்டும் கவர்ச்சிக்குரியவை என்பதால் எதிர்க்குறி. கூட்டுத்தொகை சுழி. மின்விசைகளால் மட்டுமே சமநிலையில் நிற்கும் எந்தப் புள்ளி மின்னூட்டத் தொகுதிக்கும் மொத்த நிலை ஆற்றல் சுழிதான். தொகுதி முழுவதையும் அதன் வடிவம் மாறாமல் சற்றே விரிப்பதாக எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். விரிக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் எல்லாமே சமநிலையில் இருப்பதால் செய்ய வேண்டிய வேலை ஏதுமில்லை. எல்லையற்ற தொலைவுவரை இப்படியே விரித்துச் சென்றாலும் வேலை சுழியே. அங்கே நிலை ஆற்றல் சுழி என்பதால் தொடக்கத்திலும் அது சுழிதான்.

ஒரே கோட்டில் இல்லாத அமைப்புகளுக்கும் முறை இதுவே; விசைகளைக் கூறுகளாகப் பிரிக்க வேண்டும் என்பது மட்டுமே கூடுதல் உழைப்பு. சமபக்க முக்கோணத்தின் முனைகளில் சமமான மூன்று மின்னூட்டங்கள் இருந்தால், மையத்தில் வைக்கும் எந்த மின்னூட்டமும் சமச்சீரினால் சமநிலையில் இருக்கும். முனைகளில் உள்ளவையும் நிலைக்க வேண்டுமானால், மையத்தில் இருப்பது எதிர்க்குறியுடன், ஒரு முனை மின்னூட்டத்தை 3-இன் வர்க்கமூலத்தால் வகுத்த அளவில், அதாவது 0.577 மடங்காக, இருக்க வேண்டும். சதுரத்துக்கு இந்த எண் ஏறத்தாழ 0.957. முனைகள் அனைத்தின் மொத்தத்தையும் மையத்தில் இட்டு ஈடுகட்ட வேண்டும் என்று எண்ணி மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று விடையெழுதுவோர் உண்டு. மையம் முனைக்கு மிக அருகில் இருக்கிறது என்பதையும், முனைகளின் விசைகள் ஒன்றுக்கொன்று சாய்வாகச் செயல்படுவதால் முழுமையாகக் கூடுவதில்லை என்பதையும் அவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடித்துவிட்டோம். அங்கே வைத்த மின்னூட்டம் அங்கேயே நிற்குமா? முதல் அமைப்புக்குத் திரும்பி, 20 செ.மீ. புள்ளியில் உள்ள +1 மைக்ரோகூலூமை அ-வை நோக்கி 1 செ.மீ. தள்ளிப் பார்ப்போம். அ-விலிருந்து 19 செ.மீ. தொலைவில் அதன் விலக்கு விசை 0.997 நியூட்டனாக உயர்கிறது. ஆ-விலிருந்து 31 செ.மீ. தொலைவில் அதன் விசை 0.843 நியூட்டனாகக் குறைகிறது. வேறுபாடு 0.154 நியூட்டன், பழைய இடத்தை நோக்கியே. ஆக, கோட்டின் வழியே இது உறுதிச் சமநிலை. ஆனால் அதைக் கோட்டிலிருந்து சற்று மேலே நகர்த்தினால் அ-வும் ஆ-வும் சேர்ந்து அதை மேலும் மேலே தள்ளும். அது திரும்பி வராது. சோதனை மின்னூட்டம் எதிர்க்குறியுடையதாக இருந்தால் நிலைமை தலைகீழ்: பக்கவாட்டில் நகர்ந்தால் இழுத்துக் கொண்டுவரப்படும், கோட்டின் வழியே நகர்ந்தால் அ-வின்மீதோ ஆ-வின்மீதோ போய் விழும்.

ஒரு திசையில் உறுதி, மற்றொரு திசையில் உறுதியின்மை என்ற இந்தக் குறை இந்த அமைப்புக்கு மட்டும் உரியதன்று. நிலையாக நிற்கும் மின்னூட்டங்களின் விசைகளை மட்டும் கொண்டு ஒரு மின்னூட்டத்தை எல்லாத் திசைகளிலும் உறுதியாக நிறுத்தவே இயலாது என்று ஆங்கிலேயரான சாமுவேல் எர்ன்ஷா 1842-இல் வெளியான கட்டுரையில் நிறுவினார். நேர்மின்னூட்டம் எப்பக்கம் நகர்ந்தாலும் திரும்பி வர வேண்டுமானால், அந்தப் புள்ளியைச் சுற்றியுள்ள மின்புலக் கோடுகள் (நேர்மின்னூட்டத்தின்மீதான விசையின் திசையைக் காட்டும் கோடுகள்) எல்லாத் திசைகளிலிருந்தும் அதை நோக்கி வந்து அங்கே முடிய வேண்டும். ஆனால் புலக்கோடுகள் மின்னூட்டத்தில்தான் முடிய முடியும். வெற்றிடத்தில் உள்ள ஒரு புள்ளியில் முடிய முடியாது. எனவே சில பக்கங்களிலிருந்து உள்ளே வரும் கோடுகள் வேறு சில பக்கங்கள் வழியே வெளியேறியே ஆக வேண்டும்; வெளியேறும் திசையில் மின்னூட்டமும் போய்விடும். அணு என்பது அசையாமல் நிற்கும் நேர், எதிர் மின்னூட்டங்களின் அடுக்காக இருக்க முடியாது என்பதும் இதிலிருந்து பெறப்படுகிறது. தனித்த அயனிகளை வெற்றிடத்தில் பிடித்து நிறுத்தும் பொறிகளை உருவாக்கிய வொல்ஃப்காங் பவுல், நிலையான புலத்துக்கு மாற்றாக வேகமாகத் திசைமாறும் புலத்தைப் பயன்படுத்தி இந்தத் தடையைக் கடந்தார். 1989-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டோரில் அவரும் ஒருவர்.

அப்படியானால் ஒரே புள்ளியிலிருந்து இழைகளில் தொங்கும் இரு மின்னூட்டமுற்ற பந்துகள் எப்படி அசையாமல் நிற்கின்றன என்று கேட்கலாம். அங்கே இழையின் இழுவிசையும் பங்கேற்கிறது. அது கூலூம் விதிக்கு உட்பட்ட விசை அன்று. பந்து எங்கே சென்றாலும் இழையின் நீளம் மாறாதவாறு தன் அளவையும் திசையையும் மாற்றிக்கொள்கிறது. ஒவ்வொன்றும் 1.2 கிராம் நிறையுள்ள, சமமான மின்னூட்டம் கொண்ட இரு சிறு பந்துகள் 50 செ.மீ. நீளமுள்ள இழைகளில் தொங்கி, தமக்கிடையே 60 செ.மீ. இடைவெளியுடன் நிற்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு பந்தும் நடுக்கோட்டிலிருந்து 30 செ.மீ. விலகியுள்ளது, இழை 50 செ.மீ. என்பதால் தொங்கும் புள்ளிக்குக் கீழே அதன் ஆழம் 40 செ.மீ. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று எடுத்துக்கொண்டால் எடை 0.012 நியூட்டன். மின்விசை கிடையாகவும், எடை செங்குத்தாகவும், இழுவிசை இழையின் வழியாகவும் செயல்படுவதால், இம்மூன்றும் 30, 40, 50 என்ற அதே விகிதத்தில் இருக்கும். எனவே மின்விசை 0.009 நியூட்டன், இழுவிசை 0.015 நியூட்டன். மின்விசையிலிருந்து மின்னூட்டத்தைக் காணும்போது தொலைவாக 60 செ.மீ.-ஐத்தான் இட வேண்டும். முக்கோணத்தில் பயன்படுத்திய 30-ஐயே இங்கும் இட்டுவிடுவது இந்தக் கணக்கில் மிகப் பரவலான பிழை. 0.009 × 0.36 ÷ (9 × 10⁹) என்பதன் வர்க்கமூலம் 6 × 10⁻⁷ கூலூம், அதாவது 0.6 மைக்ரோகூலூம். ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டம் ஏறத்தாழ 1.6 × 10⁻¹⁹ கூலூம் என்பதால், ஒவ்வொரு பந்திலும் சுமார் 3.75 இலட்சம் கோடி எலக்ட்ரான்கள் கூடவோ குறையவோ இருக்கின்றன.

இதே அமைப்பில் ஒரு பந்தின் மின்னூட்டத்தை 0.3 மைக்ரோகூலூமாகக் குறைத்து, மற்றதை 1.2 மைக்ரோகூலூமாக உயர்த்தினால் எந்தப் பந்து கூடுதலாக விலகும்? மின்னூட்டம் மிகுந்தது என்றும், மின்னூட்டம் குறைந்தது என்றும் இருவகையாகவும் விடை சொல்வார்கள். இரண்டுமே சரியல்ல. இரு பந்துகளின்மீதும் செயல்படும் மின்விசை ஒன்றே. அதன் அளவைத் தீர்மானிப்பது மின்னூட்டங்களின் பெருக்கற்பலன். நிறையும் இழை நீளமும் சமமாக இருப்பதால் சாய்வும் சமமாகவே இருக்கும், 0.3 × 1.2-உம் 0.6 × 0.6-உம் ஒரே 0.36 என்பதால், இந்த மாற்றத்தால் பந்துகள் இருந்த இடத்திலிருந்து அசையக்கூட மாட்டா.